சென்சார் சொன்ன 5 மில்லிமீட்டர்: குதிரை நொண்டுகிறதா, இல்லையா?

கேள்வி:

எங்கள் குதிரைக்கு 9 வயது. காயடித்தது, எடை சுமார் 550 கிலோ, தடை தாண்டும் போட்டிக்குப் பழகியது. மூன்று மாதமாக வலப்பக்கம் கேன்டர் (மூன்று தாள மிதவேக ஓட்டம்) போகும்போது பாதியிலேயே ட்ராட்டுக்கு (இரண்டு தாளத் துள்ளுநடைக்கு) இறங்கிவிடுகிறது. தாண்டி இறங்கினால் எப்போதும் இடது லீடில்தான் (இடது முன்னங்கால் முந்திப்போகும் கேன்டரில்) இறங்குகிறது. பின்னங்காலால் கட்டையைத் தட்டிவிடுவதும் கூடிவிட்டது. நடத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பயிற்சியாளர், “பின்பக்கம் சதை போதாது, வேலை கொடுத்தால் சரியாகிவிடும்” என்கிறார். லாடம் அடிப்பவர் குளம்பில் குறையில்லை என்கிறார். சென்சார் கட்டி நடையை அளப்பவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் கொடுத்த அறிக்கையில் “வலது முன்னங்கால் 9 மி.மீ. (±13), வலது பின்னங்கால் 5 மி.மீ. (±2), உந்தல் குறைவு, ஸ்ட்ரைடு 14” என்று இருக்கிறது. இரண்டு காலிலுமா கோளாறு? கருவியை நாங்களே வாங்கிவிடலாமா, இல்லை கைபேசி வீடியோ போதுமா? இதை வைத்து அதன் ஆட்டத்தையும் மேம்படுத்த முடியுமா?

பதில்:

அறிக்கையில் உள்ள இரண்டு எண்களில் ஒன்றை நம்பலாம், மற்றதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நம்ப வேண்டியது பின்னங்காலின் 5. ஒதுக்க வேண்டியது முன்னங்காலின் 9. பெரிய எண்ணை விட்டுவிட்டுச் சின்னதைப் பிடிக்கச் சொல்கிறாரே என்று தோன்றும். அந்த மில்லிமீட்டர் எதை அளக்கிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கிவிடும்.

ட்ராட்டில் கால்கள் குறுக்கு ஜோடியாகப் போகும். வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாக ஊன்றும், அடுத்து இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும். ஒரு கால் தரையைத் தொட்டதிலிருந்து மறுபடி அதே கால் தொடும் வரை ஒரு ஸ்ட்ரைடு. ஒவ்வொரு ஸ்ட்ரைடிலும் தலை இரண்டு தடவை தாழ்ந்து இரண்டு தடவை எழும், இடுப்பும் அப்படியே. குறையில்லாத குதிரையில் இரண்டு தாழ்வும் ஏறக்குறைய ஒரே ஆழம், இரண்டு எழுச்சியும் ஏறக்குறைய ஒரே உயரம். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் காலில் பாரம் விழும் நேரத்தில் தலையைத் தூக்கிக்கொள்ளும். நல்ல கால் ஊன்றும்போது தலை கீழே போகும். உங்கள் அறிக்கையின் 9 இந்தத் தலையசைப்பின் வித்தியாசம். பின்னங்காலுக்கு இடுப்பைப் பார்க்கிறோம். கால் ஊன்றியிருக்கும்போது இடுப்பு குறைவாகத் தாழ்ந்தால் அந்தக் கால் பாரம் தாங்கத் தயங்குகிறது. ஊன்றி முடித்துக் கிளம்பும்போது இடுப்பு குறைவாக எழுந்தால் அந்தக் கால் தள்ளத் தயங்குகிறது. அறிக்கை ‘உந்தல் குறைவு’ என்பது இதைத்தான்; உங்கள் குதிரையினுடையது இந்த இரண்டாவது ரகம்.

நேர்கோட்டு ட்ராட்டுக்குப் பரவலாகப் புழங்கும் எல்லை, தலைக்கு 6 மி.மீ., இடுப்புக்கு 3 மி.மீ. இதைத் தாண்டியதுமே ‘நொண்டல்’ என்று முத்திரை குத்திவிடக் கூடாது. முதலில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ± எண்ணைப் பாருங்கள். அது ஸ்ட்ரைடுக்கு ஸ்ட்ரைடு அளவு எவ்வளவு சிதறியது என்பது. தலையில் சராசரி 9, சிதறல் 13. அதாவது சில ஸ்ட்ரைடில் வலது கால் 20 மி.மீ.க்கு மேல் காட்டியிருக்கும், சிலவற்றில் இடது கால் காட்டியிருக்கும். குதிரை தலையை உதறியிருக்கலாம், வேறெங்கோ திரும்பிப் பார்த்திருக்கலாம், பிடித்து ஓடியவர் கயிற்றை இழுத்திருக்கலாம். சிதறல் சராசரியை விடப் பெரிதாக இருக்கும் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. இடுப்பில் 5, சிதறல் 2. கிட்டத்தட்ட எல்லா ஸ்ட்ரைடிலும் ஒரே திசையில் விழுந்திருக்கிறது. இது குருட்டாம்போக்கில் வந்த எண் அல்ல.

14 ஸ்ட்ரைடு போதவே போதாது. குறைந்தது 25 வேண்டும். கையில் பிடித்து ட்ராட் ஓட்டும்போது ஒரு ஸ்ட்ரைடு சுமார் 2.5 மீட்டர், 30 மீட்டர் பாதையில் 12 கிடைக்கும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகம் மாறுவதால் இரு முனையிலும் இரண்டு மூன்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஏழு. ஒரே ஒரு தடவை போய்வரச் செய்து வேலையை முடித்திருக்கிறார்கள் என்று உங்கள் 14 சொல்கிறது.

ஒரே பக்கத்து இரண்டு கால்

“இரண்டு காலிலுமா கோளாறு” என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து அறிக்கையில் வந்தால், முதல் சந்தேகம் பின்னங்கால் மேல்தான் விழ வேண்டும்.

வலது பின்னங்கால் ஊன்றும்போது கூடவே ஊன்றுவது இடது முன்னங்கால். வலிக்கும் பின்னங்காலிலிருந்து பாரத்தை முன்பக்கம் தள்ள, அந்த நேரம் பார்த்துக் குதிரை தலையைத் தாழ்த்தும். இடது முன்னங்கால் ஊன்றும்போது தலை தாழ்கிறது என்றால், வலது முன்னங்கால் ஊன்றும்போது தலை உயர்ந்தாற்போல் தெரியும். பார்ப்பவருக்கு அது வலது முன்னங்கால் நொண்டல்; சென்சாருக்கும் அதேதான். முன்னங்காலில் ஒன்றுமே இருக்காது. இப்படி ஏமாந்து, நல்ல முன்னங்காலின் குளம்பை மாதக்கணக்கில் நோண்டிக்கொண்டிருப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் கூத்து. மறுதலையாக, கோளாறு முன்னங்காலில் இருந்தால் போலி அறிகுறி எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலில், பெரும்பாலும் உந்தல் குறைவாகத் தெரியும். வலது முன்னங்காலில் நிஜமான வலி என்றால் இடது பின்னங்கால் அறிக்கையில் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்தது வலது.

இதைத் தீர்த்துவைக்க இன்னொரு சென்சார் உதவும். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் மேடாக இருப்பதை விதர்ஸ் என்போம். அங்கே ஒரு சென்சார் வைத்தால், முன்னங்கால் வலியில் தலையும் விதர்ஸும் ஒரே காலைக் காட்டும். பின்னங்கால் வலியில் தலை ஒரு முன்னங்காலைக் காட்டும், விதர்ஸ் எதிர்ப்பக்க முன்னங்காலைக் காட்டும். உங்கள் அறிக்கையில் விதர்ஸ் எண் இல்லை. அடுத்த தடவை கேட்டு வாங்குங்கள்.

எண் சொல்லாதது

இந்தக் கருவிகள் அளப்பது ஏற்றத்தாழ்வை. வலியை அல்ல. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உரிமையாளர்கள் “ஒரு குறையும் இல்லை” என்று சொன்ன, பயிற்சியில் இருந்த 222 சவாரிக் குதிரைகளை நேர்கோட்டு ட்ராட்டில் அளந்தார்கள். 161 குதிரைகள், அதாவது 72.5 சதவீதம், தலையிலோ இடுப்பிலோ எல்லையைத் தாண்டியிருந்தன. பின்னர் இதே மாதிரியான குதிரைகளுக்கு வலிநிவாரணி கொடுத்துப் பார்த்ததில் ஏற்றத்தாழ்வு குறையவில்லை. அதனால் எல்லாம் வெறும் பழக்கக் கோணல் என்று சொல்லிவிட முடியாது. அந்த மருந்துக்கு அடங்காத வலியும் உண்டு. மனிதருக்கு வலக்கை, இடக்கை இருப்பதுபோலக் குதிரைக்கும் பக்கச் சாய்வு உண்டு என்பதும் மெய்.

அப்படியானால் உங்கள் 5-ஐ ஏன் பொருட்படுத்தச் சொல்கிறேன்? குதிரை மாறியிருப்பதால். மூன்று மாதத்துக்கு முன் செய்ததை இப்போது செய்ய மறுக்கிறது. வலது கேன்டர் உடைகிறது, இறங்கும் லீடு மாறுவதில்லை, பின்னங்கால் கட்டையில் படுகிறது. இந்த மூன்றும் பின்பகுதியைத்தான் சுட்டுகின்றன. பிறந்ததிலிருந்தே 5 மி.மீ. சாய்ந்து ஓடி, கேட்டதையெல்லாம் செய்யும் குதிரையாக இருந்தால் அந்த எண்ணைக் குறித்துவைத்துவிட்டு விட்டுவிடலாம்.

எந்த லீடு கெடுகிறது என்பதை மட்டும் வைத்துக் காலைத் தீர்மானிக்க வேண்டாம். வலது கேன்டரில் இடது பின்னங்கால்தான் முதலில் தனியாக ஊன்றுகிறது; வலது பின்னங்கால் அடுத்து, இடது முன்னங்காலோடு சேர்ந்து, வயிற்றுக்கடியில் நன்றாக முன்னால் போய் ஊன்றுகிறது. இரண்டுக்கும் வேலை கடினம்தான். வேறு வேறு கடினம்.

பயிற்சியாளரின் “சதை போதாது” என்ற பேச்சுக்கு வருகிறேன். வலிக்கும் காலைக் குதிரை குறைவாக உபயோகிக்கும், உபயோகிக்காத பக்கம் சதை வற்றும். காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிப்போகின்றன. பின்னால் நின்று இரண்டு தொடையையும் புட்டத்தையும் ஒப்பிடுங்கள், நான்கு காலும் சமமாக ஊன்றியிருக்கும்போது மட்டும். வலது பக்கம் ஒட்டியிருந்தால் அது வலிக்குச் சாட்சி. வேலையை ஏற்றினால் வலியும் ஏறும்.

சென்சார் மொத்தமாகக் கோட்டைவிடும் ஒரு நிலையும் உண்டு: இரண்டு பக்கமும் ஒரே அளவு வலி. இரண்டு முன் குளம்பும் வலிக்கும் குதிரை தலையசைக்காது. எண்கள் அழகாக வரும். ஸ்ட்ரைடு மட்டும் குட்டையாகி, முள்ளில் நடப்பதுபோல் போகும். ஒரு பக்கம் மரப்பு ஊசி போட்டதும் மறுபக்கத்தில் நொண்டல் ‘திடீரென்று’ முளைப்பது இதனால்தான்.

மறுபடி அளக்கும்போது

முன்பு அளந்ததோடு நிறுத்தாமல், இந்தத் தடவை ஒழுங்காக அளக்கச் சொல்லுங்கள். வலிநிவாரணி ஏதாவது கொடுத்துவந்தால் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து உடம்பில் இருக்கும்போது எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. லாடம் அடித்த மறுநாளும் வேண்டாம், லாடம் கழற்ற வேண்டிய வாரமும் வேண்டாம். குளம்பு மாதம் 6 முதல் 10 மி.மீ. வளர்கிறது, வாரங்கள் போகப் போக நுனி நீண்டு, குளம்பின் கோணம் சரிந்து, கால் தரையை விட்டுக் கிளம்பும் விதமே மாறிவிடும். லாடம் அடித்து ஏழிலிருந்து பத்து நாளுக்குள் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் பிந்தைய அளவுகளோடு ஒப்பிட முடியும்.

தரை கெட்டியாக, மட்டமாக, 30 மீட்டர் நேராக இருக்கட்டும். பத்து நிமிடம் நடத்திவிட்டுத் தொடங்கலாம். இடுப்புச் சென்சார் நட்டநடுவில், இடுப்பெலும்பின் மிக உயர்ந்த இடத்தில் உட்கார வேண்டும். இரண்டு விரல் ஒரு பக்கம் நகர்ந்தாலே உடம்பு உருளும் அசைவு ஏற்ற இறக்கத்தில் கலந்துவிடும். தலைச் சென்சார் உச்சந்தலையில் பட்டையோடு இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் அது தனியாக ஆடும். உங்கள் ±13-க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிடித்து ஓடுபவர்தான் பாதி அளவீடு. கயிறு அரை மீட்டராவது தொய்ந்து இருக்க வேண்டும். குதிரையின் தோளுக்கு நேராக ஓட வேண்டும், முன்னால் பார்த்து. குதிரையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் அதுவும் திரும்பும். வேகம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்கட்டும். மிக வேகமாக ஓட்டினால் லேசான நொண்டல் மறையும், மிக மெதுவாக ஓட்டினால் தாளம் கெட்டுச் சிதறல் ஏறும். நான்கு தடவை 30 மீட்டர் ஓடினால் 25-ஐத் தாண்டிவிடும். இன்னொரு வரிசையும் எடுத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கட்டம்.

பிறகு லஞ்ச் கயிற்றில் (நடுவில் ஒருவர் நின்று குதிரையைச் சுற்றி ஓடவிடும் நீண்ட கயிறு) வட்டம், சுமார் 15 மீட்டர் விட்டத்தில், இரு பக்கமும், ஒரே வேகத்தில், முதலில் மெத்தென்ற தரையில். வழுக்காத கெட்டித் தரை இருந்தால் அதிலும். வட்டத்தில் குதிரை உள்பக்கம் சாய்வதால் குறையில்லாத குதிரையே உள்பக்கப் பின்னங்காலில் நொண்டுவதுபோல் எண் காட்டும். ஆகவே நேர்கோட்டு எல்லையான 3 மி.மீ.யை வட்டத்துக்குப் பொருத்தாதீர்கள். இரண்டு பக்கத்தையும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒப்பிடுங்கள். வலச்சுற்றில் வலது பின்னங்கால் 9, இடச்சுற்றில் இடது பின்னங்கால் 1 என்று வந்தால், வித்தியாசம் 8, அதில் பாதி 4: வட்டத்தின் பங்கு போக வலது பின்னங்காலுக்கு மிஞ்சுவது 4 மி.மீ. 5-க்கு 5 என்று வந்திருந்தால் வட்டம் மட்டும்தான் பேசுகிறது. கெட்டித் தரையில் கூடினால் குளம்பு, மூட்டு மேல் ஐயம் அதிகம். மெத்தென்ற தரையில் கூடினால் தசைநாண், தசைநார் பக்கம் ஐயம் சாயும். இது விதியல்ல, சாய்வு மட்டுமே.

கடைசியாகச் சேணம் பூட்டி, ஆள் ஏறி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ட்ராட்டில் எழுந்து உட்கார்ந்து ஓட்டினால், உட்காரும் ஜோடியின் பின்னங்காலில் உந்தல் குறைந்ததுபோல் எண் வரும். அதாவது சவாரி செய்பவரே லேசான நொண்டலை உண்டாக்கிவிடுவார். இரு ஜோடியிலும் மாற்றி மாற்றி உட்கார்ந்து எடுக்க வேண்டும். அல்லது முழுக்க உட்கார்ந்தே ஓட்டி எடுக்கலாம். உங்கள் குதிரைக்கு இந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள். உங்கள் புகார் எல்லாம் சவாரியில் வருவது. ஏறியிருக்கும்போது அதன் முகத்தையும் ஒருவர் பார்த்துக் குறிக்கட்டும். சூ டைசன் என்ற மருத்துவர் உருவாக்கிய 24 நடத்தைகளின் பட்டியல் ஒன்று உண்டு. காது பின்னுக்குப் போய் அப்படியே நிற்பது, வாய் திறப்பது, வாலை அடிக்கடி சுழற்றுவது, கேட்காமலே நடை மாற்றுவது போன்றவை அதில் வரும். எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் குதிரை கேன்டரிலிருந்து தானாக இறங்குவது அதில் ஒன்று.

கைபேசி எதற்கு ஆகும்

1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்த பிறகுதான், கேலப்பில் (முழுவேக ஓட்டத்தில்) நான்கு காலும் தரையை விடும் கணத்தில் அவை நீண்டிருப்பதில்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்று உலகம் கண்டது. அதுவரை ஓவியர்கள் வரைந்ததெல்லாம் வேறு. கண்ணின் கதை அது. நொண்டலிலும் அப்படித்தான்; சுமார் 25 சதவீதத்துக்குக் குறைந்த வேறுபாட்டைக் கண்ணால் பிடிப்பது கடினம்.

கைபேசியின் மெதுவோட்டப் பதிவில் நொடிக்கு 240 படம் கிடைக்கும், ஒரு படத்துக்கு 4 மில்லிநொடி சொச்சம். குளம்பு எந்தப் பக்கம் முதலில் தரையைத் தொடுகிறது, நுனி முதலா குதிகால் முதலா, ஜோடிக் கால்கள் இரண்டும் ஒரே கணத்தில் ஊன்றுகின்றனவா, வலது பின் குளம்பு தரையை உரசிப் போகிறதா என்பதெல்லாம் இதில் துல்லியமாகத் தெரியும். நொடிக்கு 30 படம் என்ற சாதாரணப் பதிவில் இது எதுவும் கிடைக்காது. முக்காலியில் ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து, பாதையிலிருந்து எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, செங்குத்தாகப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கைபேசியைக் கையில் பிடித்துக் குதிரையோடு திருப்பினால் கோணமெல்லாம் பொய். இரு பக்கமும் எடுங்கள். ஃபெட்லாக் மூட்டு (குளம்புக்குச் சற்று மேலே உள்ளது), ஹாக் மூட்டு (பின்னங்காலின் நடுவில் பின்பக்கம் மடங்குவது), இடுப்பு முனை ஆகிய இடங்களில் வெள்ளை ஒட்டுத்துண்டு ஒன்று வைத்தால் பார்ப்பது எளிது. கால் நட்ட நடுவில் பாரம் தாங்கும் படத்தில் நிறுத்தி, இரண்டு பின்னங்காலின் ஃபெட்லாக்கும் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்று ஒப்பிடுங்கள். பாரத்தைத் தவிர்க்கும் காலில் ஃபெட்லாக் குறைவாக இறங்கும்.

உங்கள் 5 மி.மீ.யை மட்டும் கைபேசியில் தேடாதீர்கள். 5 மீட்டர் அகலக் காட்சியை 1920 புள்ளியில் பதிந்தால் ஒரு புள்ளிக்கு 2.6 மி.மீ. நீங்கள் தேடுவது இரண்டு புள்ளி. ரோமம் அசைந்தாலே அதைவிட அதிகம் நகரும்.

மருத்துவர் செய்ய வேண்டியது

எந்தக் கால் என்பது வரைதான் அளவீடு. காலில் எந்த இடம் என்பது மருத்துவரின் கையிலும் ஊசியிலும். குளம்பை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பது, காலைத் தடவிச் சூடும் வீக்கமும் பார்ப்பது, மூட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடித்து உடனே ட்ராட் ஓட்டுவது, இவை முதலில். மடக்கும் சோதனையில் பின்னங்கால் மூட்டுகள் எல்லாம் சேர்ந்தே மடங்கும். ஹாக்கை மட்டும் மடக்குவதாக யார் சொன்னாலும் ஸ்டைஃபிளும் (பின்னங்காலின் முழங்கால் மூட்டும்) கூட மடங்குகிறது.

அதன் பிறகு நரம்பு மரப்பு ஊசி, கீழிருந்து மேலாக. ஒவ்வொரு ஊசிக்கும் பின் மரத்துப்போனதா என்று தோலில் சோதித்துவிட்டு, அதே பாதையில், அதே வேகத்தில் மறுபடி அளக்க வேண்டும். சென்சாரின் உண்மையான பெறுமதி இங்கேதான். மருந்து போட்டவர் ‘கொஞ்சம் தேவலை’ என்று பார்க்க ஆசைப்படுவார். எண்ணுக்கு ஆசை கிடையாது. பாதிக்கு மேல் குறைந்தால்தான் நல்ல அறிகுறி. உங்கள் விஷயத்தில் 5 என்பது 2.5-க்குக் கீழே வர வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: பின்னங்காலை மரக்கச் செய்ததும் முன்னங்காலின் எண்ணும் தானாக மறைந்தால், முன்னங்காலில் ஒன்றுமில்லை. எண் சிறிதாக இருக்கும்போது ஊசிக்கு முன்னுள்ள சிதறலே அதை விழுங்கிவிடும் என்பதால், மருத்துவர் நொண்டல் அதிகம் தெரியும் நிலையில், வட்டத்திலோ சவாரியிலோ வைத்து, ஊசி போட விரும்பலாம். அது சரியான முறைதான்.

தாண்டும் குதிரைகளில் பின்னங்கால் உந்தல் குறைவதற்கு வழக்கமாகத் தேடும் இடங்கள் ஹாக்கின் கீழ் மூட்டுகள், சஸ்பென்சரி தசைநார் (ஃபெட்லாக்கைத் தாங்கிப் பிடிப்பது) தொடங்கும் இடம், ஸ்டைஃபிள், இடுப்பும் முதுகும் சேரும் மூட்டு. எது என்று மில்லிமீட்டர் சொல்லாது. இடம் தெரிந்த பிறகு எக்ஸ்ரேயும் ஸ்கேனும். முதலிலேயே எல்லாவற்றையும் படம் எடுத்தால் 9 வயதுக் குதிரையில் எங்காவது ஏதாவது கிடைக்கும், அதுதான் காரணமென்று நம்பிவிடுவீர்கள்.

லாடம் அடிப்பவர் சொன்னதும் தவறில்லை. இருந்தாலும் இரண்டு பின் குளம்பையும் பக்கவாட்டில் படம் எடுத்து நுனி நீளத்தையும் கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றம் செய்தால் ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து, பிறகு அடுத்ததை. லாடமும் சேணமும் மருந்தும் ஒரே வாரத்தில் மாறினால் எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆட்டத்தை மேம்படுத்த

வலி விலகிய பிறகுதான் இந்தப் பேச்சு. வேகம் என்பது ஸ்ட்ரைடின் நீளமும் அது எத்தனை தடவை வருகிறது என்பதும் பெருக்கிய தொகை. நிமிடத்துக்கு 350 மீட்டர் வேகத்தில் 3.5 மீட்டர் ஸ்ட்ரைடு போட்டால் நிமிடத்துக்கு 100 ஸ்ட்ரைடு. ஸ்ட்ரைடு 3.2 மீட்டராகக் குறுகினால் அதே வேகத்துக்கு 109 வேண்டும். தடைகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 3.6 மீட்டர் ஸ்ட்ரைடை மனதில் வைத்துத்தான் போடப்படுகிறது. குறுகிய ஸ்ட்ரைடுக்காரக் குதிரை தடைக்கு வெகு தள்ளியோ வெகு நெருங்கியோ கிளம்பும். இரண்டிலும் பின்னங்கால் கட்டையில் படும்.

தரையில் இரண்டு கட்டைகளை 18 மீட்டர் இடைவெளியில் போட்டு, இடது லீடில் ஐந்து தடவை, வலது லீடில் ஐந்து தடவை கேன்டர் போகச் செய்து, ஸ்ட்ரைடு எண்ணிக்கையையும் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். ஐந்து தடவைக்குள் எவ்வளவு மாறுகிறது என்பது சராசரியை விட முக்கியம். வாரம் ஒரு முறை போதும். தாண்டும்போது 20 தடவைக்குக் கட்டையில் படுவது எந்தப் பின்னங்கால், எந்த லீடில் என்று கணக்கு வையுங்கள். உயர்த்திய கட்டைகள் மேல் நடப்பது, லேசான மேட்டில் ஏறுவது போன்ற பயிற்சிகளின் பலன் இந்த ஏட்டில்தான் தெரியும். கேன்டரிலும் கேலப்பிலும் தலை, இடுப்பு மி.மீ. எல்லைகளைப் பொருத்திப் பார்க்காதீர்கள். அந்த நடைகள் இயல்பிலேயே சமமற்றவை. வேகமோட்டக் குதிரைகளைப் பொறுத்தவரை, அதே வேகத்தில் ஸ்ட்ரைடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குட்டையாகிக்கொண்டே வந்தால் அதை அபாயக் குறியாக எடுக்க வேண்டும்.

ஒரு குதிரைக்காகக் கருவி வாங்குவது வீண் என்பது என் எண்ணம். அளக்கத் தெரிந்த அதே ஆளை, அதே இடத்தில், லாடச் சுற்றுக்கு ஒரு முறை வரவழையுங்கள். குதிரை நல்ல நிலையில் இருக்கும்போது எடுத்த மூன்று அளவுகள்தான் அதன் சொந்த எல்லை. பிறகு அதை விட்டு விலகி, அடுத்தடுத்த இரண்டு அளவில் ஒரே திசையில் போனால் கவனியுங்கள். பல குதிரைகள் இருக்கும் லாயம் என்றால் வாங்குவதில் பொருள் உண்டு, ஒருவர் அதையே வேலையாகப் பழகுவாரானால்.

மறு அளவீடும் மருத்துவர் சோதனையும் வரும் வரை தாண்ட விடாதீர்கள், நீங்களாக வட்டத்தில் ஓட்டாதீர்கள். நேராக நடத்துங்கள், தினம் அரை மணி. நடையிலேயே நொண்டல் தெரிந்தாலோ காலில் சூடு, வீக்கம் வந்தாலோ ட்ராட் ஓட்டிச் சோதிக்கவே வேண்டாம், உடனே மருத்துவரை அழையுங்கள். மறு அளவீட்டில் தலை வலது முன்னங்காலையும் விதர்ஸ் இடது முன்னங்காலையும் காட்டினால், சோதனையைப் பின்னங்காலில் தொடங்கச் சொல்லுங்கள். இரண்டும் வலதையே காட்டினால் முன்னங்காலில்.